உட்கார்ந்துதான் போவேன் என்கிறார் அப்பா

ஃபர்வானியா, குவைத்
செவ்வாய்க்கிழமை

மக்களே ஜெனோ,

உனக்கும் ஷிஜிக்கும் என் பேத்திக்கும் மாதா துணையிருக்கட்டும். டப்ளினில் மூன்று பேரும் சுகமாக இருக்கிறீர்கள் என்று நம்புகிறேன், எனக்கும் உடம்புக்கு ஒன்றுமில்லை. அப்பாவைப் பற்றி அப்படி எழுத முடியவில்லை, அதற்காகத்தான் இந்தக் கடிதம். போனில் சொல்லலாம் என்றால் இருப்பது ஒரே ரூம், அவர் கட்டிலில் கிடந்து என் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பார், அந்தப் பக்கம் நீ அழுதால் இந்தப் பக்கம் என் முகம் காட்டிக்கொடுத்துவிடும். கிளினிக்கில் டியூட்டி இடைவேளையில் எழுதுகிறேன், போட்டோ எடுத்து அனுப்புவேன், தனியாக இருக்கும்போது படி.

கணையத்துக் கட்டி ஈரலுக்கும் பரவிவிட்டது, இனி கீமோ கொடுத்தால் உடம்பு தாங்காது என்று பெரிய டாக்டர் சொன்னதை அன்றைக்கே உனக்குச் சொன்னேன். அப்பாவுக்கு எதுவும் தெரியக்கூடாது, மூச்சு முட்டினால் வெண்டிலேட்டர் வைக்கச் சொல்லுங்கள், எந்த மிஷின் ஆனாலும் வைக்கட்டும் என்று நீ சொன்னாய். நர்ஸாக இருந்துகொண்டு அப்பாவை நீங்களே விட்டுவிடப் பார்க்கிறீர்களா என்றும் கேட்டாய். அது எனக்கு வலித்தது மக்களே, ஆனால் உன்மேல் கோபமில்லை. தூரத்தில் இருக்கிறவனுக்குக் கையில் வேறு என்ன இருக்கிறது. நீ சொன்னபடியே நானும் மறைத்தேன், மஞ்சள் காமாலை, மருந்தில் குறையும் என்றேன். பெரிய டாக்டர் கட்டிலருகில் வந்து நேராக அவரிடமே இங்கிலீஷில் சொல்லத் தொடங்கியபோது நான் குறுக்கே போய் நின்று, எங்கள் ஆட்களில் இப்படி முகத்துக்கு நேராகச் சொல்வதில்லை, எதுவானாலும் என்னிடம் சொல்லுங்கள் என்று வெளியே கூட்டிக்கொண்டு வந்துவிட்டேன். அவருக்கு அது பிடிக்கவில்லை. நோயாளிக்குத் தெரிய உரிமை உண்டு என்றார். உரிமை இருக்கிறது, அதைக் கேட்டுவிட்டு அப்பா எப்படி உயிரோடு கிடப்பார் என்று நான் நினைத்துக்கொண்டேன்.

அதன்பிறகு வலிக்கு மருந்து கொடுக்கும் பிரிவிலிருந்து பாஹிமா என்று ஒரு நர்ஸ் வந்தாள். இலங்கையில் புத்தளத்துப் பிள்ளை, நல்ல தமிழ். என்னைத் தனியே உட்காரவைத்து, "நாங்க அவர்ட்ட ஒண்டையும் உடைச்சுச் சொல்ல மாட்டோம் அக்கா. அவருக்கு எவ்வளவு தெரிய விருப்பம், யாரோட நாங்க கதைக்கணும், அதை மட்டும் அவர்ட்டயே கேப்போம். வேணாம் எண்டா விட்டுருவோம்" என்றாள். உனக்குத் தெரியாமல் சரி என்று தலையாட்டினேன். பாஹிமா கட்டிலருகில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தாள், முதலில் ஊரைப் பற்றிக் கேட்டாள், என்ன மீன் பிடிக்கும் என்று கேட்டாள், பிறகு மெதுவாக இதைக் கேட்டாள். நான் கதவுப் பக்கம் நின்றேன். அப்பா சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "எனக்கு எப்பமே தெரியும் மோளே. எனக்க மவன் அங்கயிருந்து அழுதுட்டு கெடக்கான், இவ இங்க பாத்ரூமுக்குள்ள போய் அழுவா. நா ஒண்ணும் அறியாதவன போல இருந்தா ரெண்டு பேருக்கும் கொஞ்சம் ஆறுதலா இருக்கும்லா, அதாக்கும் ஒரு வார்த்த மிண்டாம கெடக்கேன்." ஜெனோ, நாம் அவரைப் பாதுகாக்கிறோம் என்று நினைத்துக்கொண்டிருந்தோம், அவர் தனியாகக் கிடந்து நம்மைப் பாதுகாத்துக்கொண்டிருந்திருக்கிறார். நான் போய் அவர் காலைப் பிடித்துக்கொண்டு அழுதேன், ஆஸ்பத்திரி என்றும் பார்க்கவில்லை.

அப்புறம் அவரே ஒவ்வொன்றாகச் சொன்னார். தொண்டையில் குழாய் வேண்டாம், வலி மட்டும் இல்லாமல் இருந்தால் போதும். ஃபாதர் வந்து எண்ணெய் பூசி ஜெபிக்கும் நோயில் பூசுதல் இப்போதே வேண்டும், நினைவு தப்பியபிறகு வேண்டாம். நான்தான் பயந்தேன், ஃபாதர் வந்தால் கடைசி என்று ஆகிவிடும் என்று இத்தனை நாள் அழைக்காமல் இருந்தேன். ஆஸ்பத்திரியிலிருந்து அப்பாவை ரூமுக்குக் கூட்டி வந்தபிறகு, ஞாயிற்றுக்கிழமை ஃபாதர் இங்கேயே வந்தார், அப்பாவோடு வேலை பார்த்த கௌஸ் முகைதீன் அண்ணன்தான் போய் காரில் கூட்டிக்கொண்டு வந்தார். ஜெபத்துக்கெல்லாம் அப்பாவே பதில் சொன்னார், குரல் எழும்பவில்லை என்றாலும் ஒன்றையும் விடவில்லை. முடிந்ததும் நன்றாகத் தூங்கினார். ஊருக்குப் போகவேண்டும் என்றும் சொன்னார். "பெட்டிக்குள்ள போவமாட்டேன், சீட்டுல உக்காந்துதான் போவேன்" என்கிறார். நாம் தள்ளிப்போட்டால் அதற்கு முடியாமல் போய்விடும் மக்களே. இப்போது சக்கர நாற்காலியில் உட்கார முடிகிறது, பயணத்துக்கு டாக்டர் அனுமதி கொடுத்துவிட்டார், வழியில் ஆக்சிஜன் வைக்கவும் விமானக் கம்பெனியில் சொல்லியாயிற்று. வெள்ளிக்கிழமை புறப்படுகிறோம். திருவனந்தபுரத்தில் சித்தி வந்து நிற்பாள், ஊரில் சிஸ்டர்மார் நடத்தும் இடத்திலிருந்து வீட்டுக்கே வந்து வலி மருந்து கொடுப்பார்கள், நான் பேசிவிட்டேன்.

இன்னும் ஒன்று இருக்கிறது, இதைத்தான் உனக்குச் சொல்லத் தயங்கினேன். பேச முடியாமல் ஆகிவிட்டால் உங்களுக்காக யார் முடிவு சொல்லவேண்டும் என்று பாஹிமா கேட்டபோது நம் வழக்கப்படி உன் பெயரைத்தான் சொல்வார் என்று நினைத்தேன். "ஜெபராணி சொல்லட்டு. அவனுக்கு அந்தப் பாரம் வேண்டாம், போதும்னு சொன்னத நெனச்சு நெனச்சு காலம் முழுக்க வெந்துட்டு கெடப்பான்" என்றார். உன்னை ஒதுக்கினார் என்று எடுத்துக்கொள்ளாதே. அந்தப் பாரம் இப்போது என்னிடம் இருக்கிறது, பயமாகத்தான் இருக்கிறது, வார்டில் எத்தனையோ பேருக்குப் பக்கத்தில் நின்றவள்தான், இது வேறு. நான் சொல்லப்போவது தப்பாகிவிடக்கூடாது என்று எனக்காக ஜெபம் பண்ணு.

ஊருக்கு வர லீவு கிடைக்குமா என்று யோசித்துக்கொண்டிருக்காதே, கேட்டுவிடு. குளிரில் பிள்ளைக்குக் காதை மூடிக் கூட்டிக்கொண்டு வா. ஷிஜியிடமும் இதைப் படித்துக் காட்டு, அவளும் நர்ஸ், உனக்கு எடுத்துச் சொல்வாள். ஆண்டவர் உங்கள் மூவரையும் தம் கைக்குள் வைத்துக் காக்கட்டும், அப்பாவின் ஆசீர்வாதமும் இதில் இருக்கிறது, கேட்டு வாங்கித்தான் எழுதுகிறேன்.

நாளைக்கு அப்பாவைக் கூப்பிடு. என்ன வேண்டுமானாலும் பேசு, அழ வந்தால் அழு, அவர் தாங்குவார். எல்லாம் சரியாகிவிடும் அப்பா என்று மட்டும் சொல்லாதே. நீ அதைச் சொன்னால் அவர் உனக்காக ஆமாம் என்று சொல்லவேண்டியிருக்கிறது, அந்த ஒரு வார்த்தைக்கு அவருக்கு இப்போது மூச்சு பற்றவில்லை.

உன் அம்மா,
ஜெபராணி நேசையன்