ஜெரோமிடம் கேட்ட கேள்வி

அஸ்தினாபுரம்
11 ஆகஸ்ட் 2024

அன்புள்ள தம்பி ஆரோனுக்கு,

கர்த்தர் கிருபையால் அம்மாவும் அப்பாவும் சுகம். நீ வேலை பார்க்கும் மலையில் டவர் கிடைப்பதே அபூர்வம். கிடைக்கிற கொஞ்ச நேரத்தையும் அம்மா உன் சாப்பாட்டை விசாரித்தே முடித்துவிடுகிறார்கள். அதனால் எழுதுகிறேன்.

என் நிச்சயதார்த்தம் நின்றுவிட்டது.

ஜெரோமை உனக்குத் தெரியும். ஈஸ்டருக்கு நீ வந்திருந்தபோது மதியச் சாப்பாட்டுக்கு வந்தாரே, ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருப்பவர். நல்லவர்தான். ஆனால் மெல்லிய குரல், கையை ஆட்டி ஆட்டிப் பேச்சு. போன மாதம் சபையில் ஒரு கல்யாணம். மணப்பெண்ணின் புடவைக் கொசுவத்தை அவரே குனிந்து உட்கார்ந்து சரி செய்தார். எப்சி சித்தி என் காதருகே வந்து, “நல்லா விசாரிச்சியா அபி? எனக்கென்னவோ அந்த மாதிரி ஆளோன்னு தோணுது” என்றாள். அப்புறம் எனக்கு நிம்மதியே இல்லை.

கடைசியில் தாம்பரத்தில் ஒரு காபிக் கடையில் வைத்து அவரிடமே கேட்டுவிட்டேன். அப்படி இல்லை என்று டாக்டரிடம் சர்டிபிகேட் வாங்கித் தர முடியுமா என்றும் கேட்டேன். அவர் கோபப்படவில்லை. காபியை அப்படியே வைத்துவிட்டு எழுந்து போனார். மறுநாள் அவர் அப்பா போன் செய்து, சம்பந்தம் வேண்டாம் என்றார்.

வீட்டில் எல்லோரும் நான் தப்பித்ததாகச் சொல்கிறார்கள். உன்னைப் போல் மீசையும் புல்லட்டுமாக ஓர் ஆம்பளை வந்திருந்தால் எனக்கு இந்தச் சந்தேகமே வந்திருக்காது.

உன் அக்கா,
அபிகாயில்


அருணாசலப் பிரதேசம்
2 செப்டம்பர் 2024

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதம் சட்டைப் பையிலேயே கிடக்கிறது. பதில் எழுத உட்கார்ந்து உட்கார்ந்து எழுந்துவிட்டேன்.

டாக்டர் எவரும் அப்படி ஒரு சர்டிபிகேட் தர முடியாது. அது இருக்கட்டும். அந்தக் கேள்வியை நீ கேட்டிருக்க வேண்டிய ஆள் ஜெரோம் இல்லை. நான்தான்.

எனக்குப் பெண்கள்மேல் ஆசை வந்ததில்லை. பள்ளிக்கூட நாளிலிருந்தே அப்படித்தான். என் அறையில் தங்கியிருக்கும் சத்யநாராயணனை ரூம்மேட் என்று சொல்லியிருக்கிறேன், அம்மா அனுப்பும் அச்சுமுறுக்கில் பாதியைத் தின்பவன். அவன் ரூம்மேட் மட்டுமில்லை. நாங்கள் சேர்ந்து வாழ்கிறோம்.

என்னை யாரும் சந்தேகப்பட்டதில்லை. மீசை போதுமானதாக இருந்தது. ஈஸ்டர் அன்று ஜெரோம் கிளம்பியதும் சித்தி அவர் நடையை நடித்துக் காட்டினாள் அல்லவா? அன்றைக்கு அந்த அறையில் எல்லோரையும்விடச் சத்தமாகச் சிரித்தவன் நான். சிரிக்காவிட்டால் என்னைத் திரும்பிப் பார்த்துவிடுவார்களோ என்று பயம்.

அம்மாவிடம் சொல்லிவிடாதே. நீ எழுதினாலும் எழுதாவிட்டாலும் எனக்குப் புரியும்.

ஆரோன்


அஸ்தினாபுரம்
20 அக்டோபர் 2024

என் ஆரோனுக்கு,

இவ்வளவு தாமதித்ததற்கு வேலையைக் காரணமாகச் சொல்ல மாட்டேன்.

உன் கடிதத்தைப் படித்ததும் கதவைச் சாத்திக்கொண்டு உன் பழைய படங்களை எல்லாம் எடுத்துப் பார்த்தேன். எதில் தெரிகிறது, எப்படிக் கவனிக்காமல் விட்டேன் என்று உன் கையை, நிற்பதை, சிரிப்பை ஒவ்வொன்றாக ஆராய்ந்தேன். நடுவில்தான் உறைத்தது. சித்தி ஜெரோமைப் பார்த்த அதே பார்வை. நான் தூக்கி வளர்த்த பிள்ளையை அப்படிப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பொழிச்சலூரில் ஜெரோம் வீட்டுக்குப் போனேன். அவர் அம்மா சரோஜினி ஆன்ட்டி கதவைத் திறந்தார்கள், உள்ளே வா என்று சொல்லவில்லை. ஜெரோம் கேட் வரை வந்தார். மன்னிப்புக் கேட்க வாயெடுத்தபோது தலைக்கு மேல் விமானம் போனது. அது போகும்வரை இருவரும் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றோம். பிறகு கேட்டேன்.

“நீங்க கேட்டதைக்கூட மறந்துடுவேன் அபி,” என்றார். “அன்னிக்கு வீட்டுக்கு வந்து கண்ணாடி முன்னாடி கையை இறுக்கி வச்சுக்கிட்டு நடந்து பார்த்தேன். முப்பத்திரண்டு வயசுல நடக்கக் கத்துக்கிட்டேன். இனிமே உங்க எதிர்ல உட்கார்ந்தா, எப்படி உட்கார்றேன்னு யோசிச்சுக்கிட்டே இருப்பேன். அது வேண்டாம்.”

கல்யாணப் பேச்சை நான் மறுபடி எடுக்கவில்லை. கேட்க எனக்கு முகம் இல்லை.

போன ஞாயிறு சித்தி உனக்குப் பெண் பார்க்கலாமா என்றாள். “அவனைக் கேக்காம எதுவும் பார்க்காதீங்க” என்று மட்டும் சொன்னேன். ஏன் என்றதும் எழுந்து சமையலறைக்குள் போய்விட்டேன். இப்போதைக்கு என் தைரியம் அவ்வளவுதான்.

எனக்கு எல்லாம் புரிந்துவிட்டது என்று பொய் சொல்ல மாட்டேன். ஆனால் கிறிஸ்மஸுக்கு வா. சத்யாவையும் கூட்டி வா.

அக்கா


அருணாசலப் பிரதேசம்
15 நவம்பர் 2024

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதத்தைச் சத்யாவுக்கும் படித்துக் காட்டினேன். உனக்கு நன்றி சொல்லச் சொன்னான்.

இந்த முறை நான் மட்டும் வருகிறேன். நம் வீட்டு ஹாலில் அவனை உட்கார வைத்து, சித்தி என்ன கண்டுபிடிக்கிறாளோ என்று காவல் காக்க என்னால் முடியாது. உன்மேல் வருத்தம் இல்லை.

ஜெரோமைப் பார்த்து நானும் பேச வேண்டும். சிரித்ததற்கு. அவர் கதவைத் திறப்பாரா, தெரியவில்லை.

தாம்பரத்தில் இறங்குவேன். ஸ்டேஷனுக்கு நீ மட்டும் வா. உடனே வீட்டுக்குப் போக வேண்டாம். சத்யா என்ன சமைப்பான், எதற்குக் கோபித்துக்கொள்வான், எப்படிப் பாடுவான் என்று யாரிடமாவது சொல்ல வேண்டும்போல் இருக்கிறது. இத்தனை வருடத்தில் ஒருவரிடமும் சொன்னதில்லை.

உன் தம்பி,
ஆரோன்