டேங்க் மூடியில் சந்தனம்

புரட்டாசி 27, வியாழன். ஆயுத பூஜை

விடிந்ததிலிருந்து தூறல். ஸ்ரீரங்கத்து பஸ்ஸில் நிற்கக்கூட இடமில்லை. காவேரிப் பாலம் தாண்டுவதற்குள் சட்டை நாசம்.

ஏரோடிரோமில் இரண்டு விமானங்களுக்கும் பூஜை. பெட்ரோல் நேற்றே நிரப்பியாயிற்று. முன்னால் நின்று நடத்தியது ஃபிட்டர் ஆரோக்கியசாமி. ஞாயிறு தவறாமல் சர்ச்சுக்குப் போகிறவன், ஆயுத பூஜையை மட்டும் யாருக்கும் விட்டுத்தர மாட்டான். "எஞ்சின் மேல சந்தனம் வைக்காதே, கருகிடும். வெளியே எங்கேயாவது வை" என்றேன். தலையாட்டினான்.

சுண்டலில் உப்பு தூக்கல். ஆனாலும் இரண்டு தொன்னை.

புரட்டாசி 28, வெள்ளி

நல்ல வெயில். வாங்க வேண்டியது: சோப்பு, விளக்குத் திரி.

கேப்டன் சின்ன விமானத்தைச் சோதனைக்கு எடுத்துப் போனார். வையம்பட்டி தாண்டவில்லை, திரும்பி வந்துவிட்டார். "மேலே போனா இருமுது. நிக்கற மாதிரி போய் மறுபடி ஓடுது. என்னன்னு பாருங்க."

எது முதலில் ஆளைக் கொல்லுமோ அதை முதலில் பார்ப்பது என் வழக்கம். முதலில் பெட்ரோல் வரும் வழி. அப்புறம் பொறி கொடுக்கிற மாக்னீட்டோ. பிளக். எண்ணெய்க் கசிவு கடைசி.

ஏரோடிரோம் ஆபீசர் அதைத் தலைகீழாக்கினார். "முதல்ல அந்த எண்ணெய்ச் சொட்டை நிறுத்துங்க. பாசஞ்சர்ங்க பயப்படறாங்க." கண்ணுக்குத் தெரிவதற்குத்தான் இங்கே மரியாதை. அரை நாள் அதில் போயிற்று. எரிச்சல்.

பிறகு டேங்கைத் திறந்து பார்த்தோம். தண்ணீர் கலக்கவில்லை. குழாய் சுத்தம். ஓட்டிப் பார்த்தால் பரம சாதுவாக ஓடுகிறது. ஒன்றும் புரியவில்லை. சோப்பு வாங்க மறந்தாயிற்று.

புரட்டாசி 29, சனி

தந்தி ஆபீஸ் வாசலில் உட்கார்ந்து எழுதுகிறேன்.

காலையில் பெரிய விமானம் கொழும்புக்குப் போயிற்று. பைலட், மூன்று பாசஞ்சர். அதில் ஓர் அம்மாள், கைக்குழந்தையோடு.

அது போன பிறகு சின்னதை எடுத்தேன். இன்றைக்கு எதையும் திறக்காமல் வெகுநேரம் ஓட்டினேன். இருமிற்று. நின்றது. டேங்க் மூடியைத் திருகியதும் உஸ்ஸென்று காற்று உள்ளே போயிற்று. மறுபடி ஓட்டினால் நன்றாக ஓடுகிறது. நேற்று மூடியைத் திறந்து திறந்து நாமே கோளாறை மறைத்திருக்கிறோம்.

மூடியில் குண்டூசி அளவு ஓட்டை உண்டு. பெட்ரோல் இறங்க இறங்க அந்த வழியாகக் காற்று போக வேண்டும். போகாவிட்டால் பெட்ரோல் இறங்காது. அதன் மேல் சந்தனம், நடுவில் குங்குமம், காய்ந்து இறுகிப் போயிருந்தது. பூஜைச் சந்தனத்தைத் துடைக்கக் கூடாதென்று ஒருத்தரும் தொடவில்லை. நானும்தான்.

"பெரிய விமானத்துக்கும் வச்சியா?"

ஆரோக்கியசாமி கையிலிருந்த ஸ்பேனரைக் கீழே வைத்தான். "வெச்சேன் சார்."

இருவரும் தந்தி ஆபீசுக்கு ஓடி வந்தோம். அதில் வயர்லெஸ் கிடையாது. இந்நேரம் கடலுக்கு மேல். கொழும்புக்குத் தந்தி: வந்து சேர்ந்ததா, டேங்க் மூடியைப் பார்க்கவும்.

பதில் இல்லை. பக்கத்தில் ஆரோக்கியசாமி ஜெபமாலை உருட்டிக்கொண்டிருக்கிறான். எனக்குப் பெருமாள் பெயர்கூட வாயில் வரவில்லை. அந்தக் குழந்தைக்கு மஞ்சள் தொப்பி. பயமாக இருக்கிறது.

புரட்டாசி 30, ஞாயிறு

நேற்று இருட்டுகிற நேரத்தில் பதில் வந்தது. நால்வரும் குழந்தையும் சுகம். கடல் மேல் எஞ்சின் நின்றுவிட்டதாம். பெரிய விமானத்தில் டேங்க் இரண்டு; பைலட் இரண்டாவது டேங்குக்குத் திருப்பினாராம், பிடித்துக்கொண்டதாம்.

ரங்கநாயகி காலையில் கேட்டாள், "ராத்திரி தூக்கத்துல யாரையோ திட்டிண்டே இருந்தேளே, யாரை?" ஒருத்தரையும் இல்லை என்று காப்பியைக் குடித்தேன்.

சர்ச் விட்டதும் ஆரோக்கியசாமி நேராக ஏரோடிரோமுக்கு வந்தான். இரவெல்லாம் தூங்காத முகம். திட்ட மனம் வரவில்லை. ஒன்று மட்டும் கேட்டேன், இரண்டாவது டேங்குக்கு ஏன் வைக்கவில்லை என்று.

"சந்தனம் தீந்துபோச்சு சார். மறுபடி அரைக்கச் சோம்பலா இருந்துச்சு."