ரேவன்ஷா என்கிற பெயர்

ஜூன் 3
கரும்பு வெட்டு தொடங்கிவிட்டது. வெட்டுமுன் வயலுக்குத் தீ வைக்கிறார்கள், கொடியில் போட்ட துணியெல்லாம் சாம்பல். அதுகூடப் பரவாயில்லை.
தேவாலயத் தோட்டத்தில், எங்கள் ரேவன்ஷா பெயரையே கொண்ட வெள்ளைக்கார ரோட்னி ஒரு கல் நட்டிருக்கிறான். தாமஸ் ரேவன்ஷா யார்க்‌ஷரிலிருந்து கப்பலேறிக் குயின்ஸ்லாந்து வந்து நூற்று நாற்பது வருடமாம். தாமஸ், அவர் கட்டிய வெள்ளைக்காரி, பிள்ளைகள், பேரர்கள் எல்லாரும் அதில் உண்டு. லிலி இல்லை. பசிபிக் கடலின் தன்னாத் தீவிலிருந்து கரும்பு வெட்டப் பிடித்துவந்த லிலி. தாமஸின் முதல் மனைவி, அப்பாவின் பாட்டி. எங்கள் கிளையில் ஒருவர்கூட இல்லை.

ஜூன் 5
ரோட்னியிடம் நேரே கேட்டேன்.
"கோவிச்சுக்காத நோரீன். ரேவன்ஷான்னா பழைய இங்கிலீஷ்ல காக்காத் தோப்பு. அது அந்த ஊர்க்காரங்க பேரு. உங்களுக்கு முதலாளி பேர ஒட்டிவிட்டாங்க, அவ்வளவுதான்."
ஒட்டிவிட்டாங்களா! அப்பா முகத்தில் இருப்பது தாமஸின் மூக்கு. இவன் கண் என்ன அவிஞ்சா போச்சு?

ஜூன் 6
அப்பாவிடம் சொன்னேன். சிரிக்கிறார். "காக்கா கறுப்புதானே? அப்ப பேரு நமக்குத்தான் பொருந்துது."
இந்த மனுஷனுக்குக் கோபமே வராதா?

ஜூன் 15
கல் திறப்பு. மேடையேறி, "லிலி எங்கே?" என்று கேட்டுவிட்டேன். ரோட்னி மைக்கைப் பிடுங்கினான். அப்போது அவன் அப்பா கிளெமெண்ட் எழுந்தார்.
"விடுடா. அவ சொல்றது நிஜம். எங்கப்பாவே சொல்லியிருக்கார். இவ அப்பா ஹெக்டர் எனக்கு அண்ணன் முறை."
எல்லாரும் கைதட்டினார்கள். எதுக்குக் கைதட்டு? தெரிஞ்சே வாயை மூடிக்கிட்டு இருந்ததுக்கா? அப்பாவோடு ஒரே வகுப்பில் படித்தவர். 'பேர் திருடி' என்று பையன்கள் அப்பாவை அடித்தபோது இந்தத் தம்பி எங்கே போயிருந்தார்?
கைதட்டு முடியுமுன்பே அப்பா எழுந்து காருக்கு நடந்துவிட்டார்.

ஜூன் 19
ரோட்னி போன் செய்தான். கல்லின் அடியில், சின்ன எழுத்தில், லிலி பெயரைச் சேர்க்கலாமாம். அப்பா போனை என் கையிலிருந்து வாங்கினார்.
"அடியில வேணாம்டா. தாமஸ் பக்கத்துல, அதே அளவுல போடு. முடியாதுன்னா கல்லைப் பேத்து எறி."
சிரிப்புக்குப் பின்னால் இத்தனை வருடம் இதுதான் இருந்ததா?

ஜூன் 20
ஒன்றும் எழுதத் தோன்றவில்லை.

ஜூலை 8
புதிதாகச் செதுக்குவதற்காகக் கல்லைக் கழற்றிக்கொண்டு போய்விட்டார்கள்.
மாலையில் ரோட்னி வந்தான். இதுவரை அப்பாவை 'ஹெக்டர்' என்றே கூப்பிட்டவன், வாசலில் நின்று, "பெரியப்பா இருக்காரா?" என்றான்.
இல்லை என்றேன். உள்ளேதான் இருந்தார்.