ராணி விழுவாள் என்று காத்திருந்தவர்கள்

செஞ்சி
16.3.1986

என் கண்ணு ராஜாம்பாளுக்கு அம்மா மீனம்பாள் எழுதிக்கிறது. சிங்கவரத்துப் பெருமாள் தயவுல நானும் உங்க நைனாவும் எழுந்து நடமாடிக்கிட்டு இருக்கோம், அங்க பிலாய்ல நீயும் மாப்பிள்ளையும் பேரப்பிள்ளையும் காய்ச்சல் தலைவலி இல்லாம இருக்கிறதா உன் கடிதத்துல பார்த்து மனசு குளுந்துது. இங்க வெயில் இப்பவே மண்டையைப் பொளக்குது, கெணத்துல தண்ணி இறங்கிப்போச்சு, பகல்ல பாதி நேரம் கரண்ட் இல்லை. உங்க நைனாவுக்கு கண்ணுல பொரை விழுந்திருக்குது, விழுப்புரம் போயி ஆபரேஷன் பண்ணிக்கணும்னு டாக்டர் சொல்லிட்டார், இவர் நாடகம் முடியட்டும் நாடகம் முடியட்டும்னு தள்ளிப்போட்டார். இன்னா நாடகம்னு கேப்பே. உங்க அண்ணன் அரங்கநாதன் போட்ட நாடகந்தான். யூனியன் ஆபீஸ்ல வேலை பார்க்கிறவன் அந்த வேலையைப் பார்க்கலாம் இல்லையா, அவனுக்கு மெட்ராஸ் சபாவுல பேர் வாங்கணுமாம். அங்கிருந்து ஒரு சபாக்காரர் சொல்லிட்டாராம், தமாஷா பாட்டோட ஒரு நாடகம் பண்ணு, ஊர்ப்பக்கம் மூணு இடத்துல வெள்ளோட்டம் விட்டுப் பாரு, ஜனங்க சிரிச்சா மூணாவது ஆட்டத்துக்கு நானே வரேன்னு. அன்னையிலிருந்து இந்த வீட்ல ஒரு வேளை சோறு நேரத்துக்கு இறங்கலை.

நாடகத்துக்குப் பேரு ‘ராணிக்குப் பசிக்குது’. கதை இவ்வளவுதான், ராஜாவும் ராணியும் கோட்டை மலை உச்சியில இருக்காங்க, அடுப்படி கீழே இருக்குது, சோறு மேலே ஏறி வர்றதுக்குள்ள வழியில நிக்கிற காவக்காரன் ஒவ்வொருத்தனும் ஒரு பிடி எடுத்துத் தின்னுடறான், ராணிக்கு வெறும் தட்டு வருது. அண்ணன்தான் ராஜா, உங்க அண்ணி மங்கைதான் ராணி, யூனியன் ஆபீஸ் பசங்க காவக்காரனுங்க, நம்ம எதிர்வீட்டு அப்துல் சுக்கூர் பாய் ஆர்மோனியப் பொட்டி. துணிமணி எல்லாம் அவர் சம்சாரம் தாஹிரா தைச்சது. பாட்டெல்லாம் அண்ணன் எழுதினதுன்னு நோட்டீஸ்ல போட்டிருந்தான், போட்டுக்கட்டும், வெறும் தட்டைப் பார்த்து ராணி பாடற பாட்டு மட்டும் மங்கை தானா கட்டினது, மெட்டும் அவளுது சொல்லும் அவளுது, துணி துவைக்கிற கல்லுல நின்னுக்கிட்டு அவ அதைக் கட்டினதை நான் காதால கேட்டவ. உன்கூட ஸ்கூல்ல படிக்கும்போது பிரேயர்ல பாடுவாளே, அந்தக் குரல் இன்னும் அப்படியே இருக்குது. பிள்ளை பெத்தப்புறம் உடம்புதான் கொஞ்சம் போட்டுட்டா, அதனால இன்னா, யார் வீட்டு அரிசி தின்னுட்டா.

மொத வெள்ளோட்டம் அவலூர்பேட்டையில. சந்தை நாளாப் பார்த்து வெச்சான், கூட்டம் வருமாம். வந்துது. காய் வித்து முடிச்சவன், மாடு வித்து முடிச்சவன், கடைசி பஸ்ஸுக்கு நேரம் இருக்குதேன்னு வந்து உக்காந்தவன். வேர்க்கடலையை உரிச்சு மேடை மேலேயே தொலியைப் போட்டானுங்க. அண்ணன் ராஜா வேஷத்துல நின்னு தமாஷு தமாஷா சொல்றான், ஒருத்தன் பல்லு தெரியலை, ஒருத்தன் மட்டும் பக்கத்துல இருக்கிறவன்கிட்ட இன்னிக்கு கத்திரிக்காய் இன்னா வெலை போச்சுன்னு கேக்கறான். நியாயமா சொன்னா அண்ணன் எழுதின தமாஷுக்கு அதுவே மரியாதை. அப்புறம் மங்கை தட்டை ஏந்திக்கிட்டு பாட வந்தா, பெஞ்சை சேர்த்துப் போட்ட மேடைதானே, ஒரு பெஞ்ச் சரிஞ்சுபோச்சு, பாவம் குப்புற விழுந்தா. அவ்வளவுதான், அதுவரைக்கும் செத்த பொணம் மாதிரி உக்காந்திருந்த கூட்டம் எழுந்து நின்னு சிரிச்சுது பாரு, கை தட்டுது, விசில் அடிக்குது, பின்னாடி இருந்தவன் எனக்குத் தெரியலை இன்னொருவாட்டி விழுன்னு கத்தறான். முட்டியில தோல் உரிஞ்சு ரத்தம் வருது, அவ அதோட எழுந்து நின்னு பாட்டை முடிச்சா, ஒருத்தன் கேக்கலை. உங்க நைனாவும் சிரிச்சார். வீட்டுக்கு வந்து, எனக்குத் தெரியாம வந்துடுச்சு மீனம்பான்னார். ரெண்டு நாள் நான் அவருக்கு டீ போட்டுக் கொடுக்கலை, கடையில போயி குடிச்சார்.

நான் நெனச்சேன், பெத்த பிள்ளையாச்சே, பொண்டாட்டி முட்டிக்கு மருந்து போடுவான்னு. அவன் இன்னா பண்ணான் தெரியுமா, ராவெல்லாம் உக்காந்து நாடகத்தைத் திருத்தினான். ராணி ஒருவாட்டி இல்லை, வரும்போதெல்லாம் விழணுமாம். ஜனங்களுக்கு எது புடிக்குதோ அதைத்தாம்மா கொடுக்கணும், இது கலை, உனக்குப் புரியாதுன்னு என்கிட்ட சொல்றான். எனக்கு அந்தக் கலை புரியவே வேணாம். ரெண்டாவது ஆட்டம் மேல்சித்தாமூர்ல. அது ஜைனருங்க ஊரு, மரியாதைப்பட்ட ஜனங்க, பொழுது சாயறதுக்குள்ள சாப்ட்டு முடிச்சுட்டு பாயைக் கொண்டாந்து போட்டு வரிசையா உக்காந்தாங்க, பொம்பளைங்க எல்லாம் முந்தானையால வாயைப் பொத்திக்கிட்டு சிரிச்சாங்க. வாயைப் பொத்தினா சிரிப்பு இல்லைன்னு ஆயிடுமா. மங்கை விழும்போதெல்லாம் ராஜா வேஷத்துல இருக்கிற அண்ணன், ஐயோ மலை இடிஞ்சுடுச்சுன்னு சொல்றான், பூமி அதிருதுங்கிறான், காவக்காரனுங்க நாலு பேரு கயிறு கட்டி இழுக்கிற மாதிரி இழுக்கிறானுங்க. அவ பாட்டுல மொத ரெண்டு அடி பாடறதுக்குள்ள விழணும், மீதிப் பாட்டை வெட்டிட்டான். பொட்டியை மூடிட்டு சுக்கூர் பாய் மேடையைப் பார்க்காம வானத்தைப் பார்த்துக்கிட்டு உக்காந்திருந்தார். திரும்பி வர வண்டியில காவக்காரப் பசங்க எந்தத் தடவை விழுந்ததுக்கு எவ்வளவு சிரிப்புன்னு பேசிக்கிட்டே வந்தானுங்க, அவ ஜன்னல் பக்கம் மூஞ்சியைத் திருப்பிக்கிட்டா.

மூணாவது நம்ம ஊர்ல, ரைஸ்மில் களத்துல பந்தல் போட்டு. அன்னிக்குக் காலையில தாஹிரா ஒரு ரவிக்கையை எடுத்துக்கிட்டு என்கிட்ட வந்தா. உள்ளே தலைகாணிப் பஞ்சு வெச்சுத் தைக்கச் சொல்லி அண்ணன் கொடுத்தானாம், இருக்கிற உடம்பு போதாதாம், மெட்ராஸ்காரர் வர்றாராம். தைச்சுட்டேன் அக்கா, ஆனா போட்டு விட என் கை வரமாட்டேங்குதுன்னு நின்னா. நான் மங்கையைக் கூப்ட்டுக் கேட்டேன், நீ இன்னாடி சொல்றே, இன்னிக்கு வரைக்கும் வாயைத் திறக்கலையேன்னு. அவ கொஞ்ச நேரம் அந்த ரவிக்கையைத் தொட்டுப் பார்த்துட்டு சொன்னா, அத்தை, விழறது எனக்கு வலிக்கலை, எழுந்திருக்கும்போது இன்னொருவாட்டி விழுன்னு கத்தறாங்களே, அப்ப அவரும் அவங்களைப் பார்த்து சிரிக்கிறார், அதுதான் தாங்கலைன்னா. தாஹிரா அங்கேயே உக்காந்து தையலைப் பிரிச்சா, பஞ்சை நான் வாங்கி நம்ம மெத்தைக்குள்ள தள்ளிட்டேன். பாடறதா வேணாமான்னு நான் சொல்லலை, அவளும் கேக்கலை. சுக்கூர் பாய்கிட்ட மட்டும் போயி ஏதோ பேசிட்டு வந்தா.

சாயங்காலம் கூட்டம் வந்தது பாரு. நம்ம ஊர்ப் பெரிய மனுஷங்களைப் பத்தி உனக்குச் சொல்லணுமா. சபாக்காரரை முன்னால சோபாவுல உக்கார வெச்சாங்க, அவருக்குப் பின்னாடி ஆபீசருங்க, வக்கீல் வீட்டு அம்மா, மில்காரர். அந்த மனுஷன் சிரிச்சா இவங்க சிரிக்கிறாங்க, அவர் கைக்குட்டையை எடுத்து மூக்கைத் துடைச்சா அழுவுற சீன் போலிருக்குதுன்னு இவங்களும் மூஞ்சியை மாத்திக்கிறாங்க. வக்கீல் வீட்டு அம்மா மெட்ராஸ்ல இதைவிட நல்லா பண்ணுவாங்கன்னு மேடையில வெளக்கு எரியறதுக்கு முன்னாடியே சொல்லிட்டா. மில்காரர் ரெண்டாவது பாட்டுலேயே கொறட்டை, ஆனா எழுப்பிவிட்டா பிரமாதம்னு சொல்றார். பாயில உக்காந்திருந்த நம்ம தெரு ஜனங்களுக்கு அவலூர்பேட்டை சேதி முன்னாடியே வந்துடுச்சு, ராணி எப்ப விழுவா எப்ப விழுவான்னு பிள்ளைங்களுக்கு ஊட்டி விட்டுக்கிட்டே கேக்கறாங்க. மங்கை மேடைக்கு வந்ததுமே சிரிக்க ஆரம்பிச்சுட்டாங்க, இன்னும் ஒண்ணுமே நடக்கலை. அவ தட்டைப் பார்த்தா. பாய் பொட்டியில சுதி புடிச்சார். மொத ரெண்டு அடி ஆச்சு, அவ விழலை. அண்ணன் சிம்மாசனத்துல இருந்து கண்ணைக் காட்டறான், கையைக் காட்டறான், அவ நிமிர்ந்து நின்னு மூணாவது அடிக்குப் போயிட்டா. பாட்டு இப்படித்தான் போவும்.

மலையேறி வந்த சோறே உன் மணம் மட்டும் வந்ததென்ன
காவலுக்கு நின்னவங்க கண்ணும் வாயும் பட்டதென்ன
பட்டு கட்டி உக்காந்தாலும் பசிக்கு அது தெரியுமா
தட்டு மட்டும் வெள்ளி ஆனா வயிறு அதைத் தின்னுமா

இதைப் பாடும்போது பின்னாலிருந்து விழு விழுன்னு கத்தறானுங்க ராஜாம்பா. அப்பத்தான் என் வயித்துல பொறந்தவன் ஒரு வேலை பண்ணான். நாடகத்துலயே வர்ற மாதிரி எழுந்து வந்து அவ போற வழியில காலை நீட்டினான். எல்லார் கண்ணுக்கும் தெரிஞ்சுது. நான் உக்காந்த எடத்துல எழுந்துட்டேன். அவ பாட்டை நிறுத்தலை, ஒரு கையால புடவைக் கொசுவத்தைத் தூக்கிப் புடிச்சு, அந்தக் காலைத் தாண்டி எட்டு வெச்சு அந்தண்ட போனா, போயி அதே அடியை இன்னொருவாட்டி எடுத்தா, இன்னும் மேலே எடுத்தா. அதுக்கும் கொஞ்ச பேர் சிரிச்சானுங்க. அப்புறம் சிரிப்பு தானா அடங்கிப்போச்சு, நீட்டின காலோட ராஜா நடு மேடையில நிக்கிறான், மடக்கவும் தெரியலை வெக்கவும் தெரியலை. முடிச்சு அவ உள்ளே போனப்ப பந்தல்ல காத்து அடிக்கிற சத்தம் கேட்டுது. உங்க நைனா கண்ணைத் தொடைச்சுக்கிட்டார், இன்னான்னேன், பொரை விழுந்த கண்ணு தண்ணி விடுதுன்னார்.

கலைஞ்சு போகும்போது பேசினதைக் கேக்கணுமே. விழவே இல்லை, ஏமாத்திட்டாங்கன்னு ஒருத்தன். பாட்டு நீளம்னு ஒருத்தன். வக்கீல் வீட்டு அம்மா, மருமக ஏதோ கோவத்துல இருக்கா போலிருக்குதுன்னு என்னைப் பார்த்துச் சொல்லிட்டு பதிலுக்கு நிக்காம போறா. எப்ப கை தட்டணும்னு சபாக்காரர் மூஞ்சியைப் பார்த்துப் பார்த்து ஆபீசருங்க கடைசி வரைக்கும் தட்டவே இல்லை. அந்த சபாக்காரர் அண்ணன் தோள்ல கை போட்டுக்கிட்டு, பொண்ணு நல்லாத்தான் பாடுது, ஆனா வேலை விட்டு வர்றவங்க அழுவறதுக்கா சபாவுக்கு வர்றாங்க, விழற ராணியா இருந்தா தேதி தரேன்னு சொல்லிட்டு கார் ஏறிட்டார். இவருக்குப் பேரு ரசிகராம்.

வீட்டுக்கு வந்ததும் அண்ணன் குதிச்சான், ஊர் முன்னாடி என் மானத்தை வாங்கிட்டேன்னு. மங்கை பிள்ளைக்குச் சோறு பிசைஞ்சுக்கிட்டே நிதானமா சொன்னா, பாட்டோட கூப்பிட்டா மெட்ராஸ் இல்லை எங்க வேணா வரேன், விழறதுக்கு வேற ஆள் பாருங்கன்னு. அவன் என்கிட்ட திரும்பி, எல்லாம் நீ கொடுக்கிற எடந்தாம்மான்னான். ஆமாண்டா, கொடுத்தேன், இன்னமும் கொடுப்பேன், காலை நீட்டத் தெரிஞ்சவனுக்கு விழத் தெரியாதா, நீயே புடவை கட்டிக்கிட்டு விழுன்னேன். அன்னையிலிருந்து என்கூடப் பேச்சு இல்லை. ஆபீஸ் போறான், வர்றான், சாப்பாட்டை மூடி வெச்சா எடுத்துப் போட்டுத் திங்கிறான். அவ அவன் சட்டையைத் துவைச்சுப் போடறா, வேற ஒண்ணும் கேக்கறதில்லை. நேத்து அவன் அவ முட்டிக்குப் போடற தைலம் வாங்கிட்டு வந்து அலமாரியில வெச்சிருந்தான், ஆறிப்போன புண்ணுக்கு. அவ அதை எடுக்கலை. நானும் எடுத்துக் கொடுக்கலை, வாயால கேக்கட்டும்.

இன்னொண்ணு சொல்லணும். முந்தாநாள் ரேஷன்ல சீமெண்ணெய்க்கு நானும் மங்கையும் வரிசையில நின்னோம். பந்தல்ல சிரிச்ச மூஞ்சிங்கதான் முன்னாலயும் பின்னாலயும், இவளைப் பார்த்ததும் குசுகுசுன்னு பேச்சு. அப்ப அம்மாக்கண்ணு, ஏரிக்கரைப் பக்கம் நடவுக்குப் போறவ, உனக்குத் தெரியாது, கேனைக் கீழ வெச்சுட்டு இவகிட்ட வந்தா. ஏம்மா, அந்த வெறும் தட்டுப் பாட்டை நாங்க கழனியில பாடிக்கிட்டு இருக்கோம், பட்டு கட்டி உக்காந்தாலும்னு வருதே, அதுக்கப்புறம் எங்களுக்கு மறந்துபோச்சு, எங்களுக்குள்ள சண்டையே வந்துடுச்சு, சொல்லேன்னா. மங்கை மூஞ்சி எப்படி ஆச்சுன்னு எனக்கு எழுத வராது. சின்னக் குரல்லதான் ஆரம்பிச்சா. அம்மாக்கண்ணு கூடவே சொல்லிப் பார்த்தா, அவகூட வந்த ரெண்டு பேரும் சொன்னாங்க, எண்ணெய் ஊத்தறவன் ஊத்தறதை நிறுத்திட்டுக் கேட்டான். இந்த ஊர்ல இருக்கிற ஜனங்க எல்லாரையும் நான் திட்டி வெச்சிருக்கேன், அந்த மூணு பேரை மட்டும் எடுத்துட்டேன்.

இதையெல்லாம் உனக்கு ஏன் எழுதறேன்னா, மங்கை உன் சிநேகிதி, இந்தக் கல்யாணம் நீ சொல்லி நடந்தது, நீ சொன்னா அவ கேப்பான்னு அண்ணனுக்குத் தெரியும். உனக்குக் கடிதம் எழுதி வெச்சிருக்கான், தபால்ல போட்டுட்டானான்னு தெரியலை. குடும்பம் முன்னுக்கு வர சமயம், ஒரு நாடகத்துல விழறதுல இன்னா கொறைஞ்சுபோச்சு, நீ அவளுக்கு எடுத்துச் சொல்லுன்னு நைஸா எழுதியிருப்பான், அவனுக்கு எழுத்து வரும். நீ அவனுக்காக ஒரு வரி எழுதினேன்னு தெரிஞ்சுது, நான் பிலாய்க்கு ரயில் ஏறிடுவேன். ஒருவேளை அண்ணன் பாவம்னு உனக்குத் தோணும். எனக்குந்தான் தோணுது, பெத்தவ இல்லையா, ஆனா அந்தக் கால் நீண்டதை நான் பார்த்தேன், நீ பார்க்கலை.

பேரனுக்கு அம்மைத் தடுப்பு ஊசி போட்டியான்னு எழுது, போன கடிதத்துலயே கேட்டேன், நீ பதில் எழுதலை. மாப்பிள்ளையை நைட் ஷிப்ட் முடிஞ்சு வந்ததும் வெறும் வயித்துல டீ குடிக்க விடாதே. சித்திரையில லீவு கெடைச்சா வாங்க, மாங்காய் நெறைய காய்ச்சிருக்குது. நீங்க மூணு பேரும் நோய் நொடி இல்லாம நீண்ட ஆயுசோட இருக்கணும்னு நானும் உங்க நைனாவும் கையெடுத்துக் கும்பிட்டுக்கிறோம். மறக்காம மங்கைக்குத் தனியா ஒரு கவர்ல எழுது, அவ பேருக்கே போடு, அண்ணன் பேரை மேலே எழுதாதே. புத்தி ஒண்ணும் சொல்லாம எழுது.

இப்படிக்கு
உன் அம்மா
இ. மீனம்பாள்