சம்மனசின் கன்னம்

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுவது. உனக்கு அங்கே உடம்புக்கு ஒன்றும் வராமல் இருக்க வேண்டுமென்று தினமும் கேட்டுக்கொள்கிறோம், இங்கே அம்மாவின் முழங்கால் வலியைத் தவிர எல்லோரும் சுகம். தம்பிக்கு லாரி ஷெட்டில் வேலை நிரந்தரமாகிவிட்டது, இப்போதே முதலாளி மாதிரி பேசுகிறான். இனி எழுதப்போவதைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் நான் வேலை பார்க்கும் இந்த மடமும் நீ சேர்ந்திருக்கும் சபையுடையதுதானே, சிஸ்டர்கள் வழியாக உன் காதுக்கு வருமுன் நானே சொல்லிவிடுகிறேன். சிற்றாலயத்தில் பலிபீடத்துக்குப் பின்னால் சுவர் உயரத்துக்குத் தங்க ரேக்கு ஒட்டிய பழைய மரவேலை நிற்கிறதே, சின்ன வயதில் அதில் சிறகு விரித்து நிற்கும் சம்மனசுகளை எண்ணிக்கொண்டே பூசையைக் கோட்டை விடுவாயே, அதை மறைமாவட்ட ஆயர் வருகைக்காகத் துடைக்கச் சொன்னார் மடத்துத் தலைவி மதர். தோட்டக்காரனுக்கு ஏணி ஏறத் தெரியும், அதுதான் என் தகுதி. இறகால் தூசி தட்டுவதுதான் வழக்கம், ஈரம் ஆகாதாம் என்றேன். அவர் கீழே நின்றுகொண்டு, ஈரத்துணியால நல்லா அழுத்தித் துடைங்க என்றார். துடைத்தேன். பொன் துணிக்கு வந்துவிட்டது. சம்மனசின் கன்னத்தில் அடியிலிருந்த செம்மண் பூச்சு தெரிந்து, அறை வாங்கின முகம் போல ஆகிவிட்டது. பழுதுபார்க்க வந்த பெண்ணுக்கு உன் வயதுதான் இருக்கும், யார் தண்ணீர் பட விட்டது என்று கேட்டாள். மதர் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு, இவங்களுக்கெல்லாம் என்ன தெரியும், பாவம் என்றார். அவள் என் பக்கம் திரும்பி, "ஐயா, யாராவது சொல்லித்தான் செஞ்சீங்களா?" என்றாள். நான் கையைக் கட்டிக்கொண்டு, "இல்லம்மா, நானாத்தான்" என்றேன். யாரும் என்னை மிரட்டவில்லை. நீ துறவற வார்த்தைப்பாடு கொடுக்கும் நாள் நெருங்குகிறதே, மதரைப் பகைக்கலாமா என்று யோசித்ததாக அம்மாவிடம் சொன்னேன். அதுவும் பொய், சைக்கிளில் வீடு திரும்பும்போது கண்டுபிடித்த சாக்கு. வாய் அப்படிப் பழகிப்போயிருக்கிறது, அவ்வளவுதான். ஏணியோட முதுகெலும்பையும் மடத்து ஷெட்டுல மாட்டிட்டு வந்துட்டீங்களா என்று கேட்டாள் அம்மா. இனி சிற்றாலயத்துக்குள் நான் நுழையக் கூடாதாம், மாலை ஜெபத்தில் என் அறியாமைக்காக மதர் வேண்டிக்கொண்டாராம்.

திங்கட்கிழமை அந்தப் பெண் மறுபடி வருகிறாள், தோட்டத்து வழியாகத்தான் உள்ளே போக வேண்டும். அவளை நிறுத்தி உண்மையைச் சொல்லிவிடப் போகிறேன். அதனால் அங்கே யாராவது உன்னிடம் முகம் சுளித்தால் பொறுத்துக்கொள். நாளைக்கு நீயும் ஒரு மதர் ஆகலாம். ஏணியில் நிற்கிறவனிடம் எதையாவது செய்யச் சொன்னால், கேட்கிறவர்களிடம் நான்தான் சொன்னேன் என்று சொல். கம்பளியை மடித்து வைக்காமல் போர்த்திக்கொள். இதைப் படித்துப் பார்த்த பிறகுதான் உறையை ஒட்டவிடுவேன் என்று அம்மா பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறாள். அவளுடைய ஆசீரும், கொடுக்கத் தகுதியிருந்தால் என்னுடையதும்.

உன் அப்பா