வெளியிட்ட தேதி: காலி

இன்று காலை நம் வலைப்பதிவுத் தளத்தின் பழைய பதிவுகளைப் புதிய டேட்டாபேஸுக்கு மாற்றிக்கொண்டிருந்தேன். எல்லாம் ஏறிவிட்டன, ஒன்று மட்டும் ஏறவில்லை. திரையில் சிவப்பு எழுத்து: வெளியிட்ட தேதி காலி. எழுதியவர் என்ற இடத்தில் உன் பெயர்.

மண்ணூர்பேட்டை அலுவலகத்தில் பழைய பதிவுகளுக்கான டேட்டாபேஸ் அட்டவணையை நாம் வடிவமைத்த மதியம் நினைவுக்கு வந்தது. வெள்ளைப் பலகையில் கட்டம் போட்டு எழுதினேன்: தலைப்பு, உள்ளடக்கம், எழுதியவர், வெளியிட்ட தேதி. தேதிக்குப் பக்கத்தில் 'கட்டாயம்' என்றும் எழுதினேன். நீ எலுமிச்சை சாதக் கையோடு எழுந்து வந்து, புறங்கையால் அந்த வார்த்தையை அழித்தாய்.

"இன்னாமே, புள்ள பொறக்கறதுக்கு முன்னாடியே பொறந்த நாளு கேக்கறே? எழுதிக்கினு கீறவளுக்கே எப்ப போடுவோம்னு தெரியாது."

"காலியா விட்டா குழம்பும்டி. இன்னும் போடலையா, போடவே வேண்டாமா?"

"ரெண்டும்தான். உனுக்கு எல்லாத்துக்கும் அர்த்தம் வோணும்!"

நீ கண்ணை மூடி எட்டு மாதமாகிறது. இந்தப் புதிய டேட்டாபேஸை நான் தனியாக உட்கார்ந்து வடிவமைத்தேன். தேதியைக் கட்டாயமாக்கியிருக்கிறேன் என்பது இன்றுதான் உறைத்தது.

ஏறாத பதிவின் தலைப்பு, 'அப்பாவைப் பத்தி நீ கேட்டதுக்கு'. உன் மகளுக்கு எழுதியிருக்கிறாய். அதற்குக் கீழே நான் படிக்கவில்லை. இன்றைய தேதியைப் போட்டால் ஊரே படிக்கும். விட்டுவிட்டால் அவள் கேட்டதற்குப் பதிலே இல்லாமல் போகும். வெளியிடாத பதிவை எழுதியவர் மட்டும்தான் பார்க்கலாம் என்று விதி வைத்தோம். எழுதியவர் இல்லாவிட்டால் யார் பார்ப்பது என்று நாம் யோசிக்கவே இல்லையே.

மதியம் கள்ளிக்குப்பத்திலிருந்து உன் மகள் போன் செய்தாள்.

"ஆண்டி, அம்மா எழுதுனது மொத்தமும் வந்துடுச்சா?"

"ஒண்ணு பாக்கி இருக்கும்மா. உனக்குன்னு எழுதியிருக்கா. ஆனா போடல. ஏன்னு எனக்குத் தெரியல."

"அப்பாவைப் பத்தியா?"

"ஆமா."

"இப்ப வேணாம் ஆண்டி. அழிச்சிடாதீங்க, அவ்ளோதான்."

'கட்டாயம்' என்பதை எடுத்துவிட்டேன். உன் பதிவு ஏறிவிட்டது. காலியான அந்தத் தேதிக்கு இப்போது மூன்றாவதாக ஓர் அர்த்தமும் சேர்ந்திருக்கிறது: அதைப் படிக்க வேண்டும் என்று அவள் இன்னும் கேட்கவில்லை. கேட்கும் நாளில் திறந்து கொடுப்பது சரியா என்று உன்னிடம் கேட்க வழியில்லை. நீ சொல்லாமல் விட்டதை, அதுவரை, படிக்காமல் வைத்திருக்கிறேன்.