இன்றாவது புண்ணைக் காட்டுங்கள்

என்னங்க,

கண் ஆஸ்பத்திரியில் இன்று வரச் சொல்லியிருக்கிறார்கள். நீங்கள் அசந்து தூங்கியதால் எழுப்பாமல் தஞ்சாவூர் பஸ்ஸுக்குப் போகிறேன். இட்லி ஹாட்பாக்ஸில் இருக்கிறது. மத்தியானத்துக்குச் சோறும் வத்தக்குழம்பும் மூடி வைத்திருக்கிறேன். கதவுக்குத் தாழ்ப்பாள் போடாதீர்கள், நர்ஸ் எழில்மொழி வருகிற நாள்.

போன தடவை மாதிரி செய்யாதீர்கள். அந்தப் பெண் உங்கள் கால் புண்ணுக்குக் கட்டுப் போடத்தான் சுகாதார நிலையத்திலிருந்து வருகிறது. நீங்களோ சம்பந்தி வீட்டார் வந்ததுபோலச் சட்டையை மாட்டிக்கொண்டு, வேட்டியைக் கணுக்கால் வரை இழுத்துவிட்டு, காபி கொடுத்து, “எல்லாம் சௌக்கியம்மா” என்று அனுப்பிவிட்டீர்கள். கேட்டால், “வீட்டுக்கு வந்த பொண்ணு என் கால்ல கை வைக்கிறதா” என்று என்னிடம் சண்டை.

அன்றைக்குச் சொல்லவில்லை, இப்போது எழுதுகிறேன். புண் ஆறுகிறதா, பெரிதாகிறதா என்று என் கண்ணுக்குத் தெரியவில்லை. குத்துமதிப்பாகத்தான் கட்டிவிடுகிறேன்.

காபி கொடுக்க வேண்டாம் என்று சொல்லவில்லை. கட்டுப் போட்ட பிறகு கொடுங்கள். டிகாஷன் இறக்கி வைத்திருக்கிறேன்.

இன்னொன்று. போன தடவை அந்தப் பெண் வாசலில் செருப்பை மாட்டும்போது, “நீங்க எப்படிம்மா இருக்கீங்க?” என்று என்னைக் கேட்டது. நம் பிள்ளைகள்கூடப் போனில் உங்கள் சர்க்கரையைத்தான் விசாரிக்கிறார்கள். நான் வாய் திறப்பதற்குள், “அவளுக்கென்ன, நல்லாத்தான் இருக்கா” என்று நீங்கள் சொல்லிவிட்டீர்கள்.

இன்றும் கேட்டால், “அவளே வந்து சொல்லுவா” என்று மட்டும் சொல்லுங்கள்.